பேஸ் கிட்டார்ல தேவையில்லாத ஸ்ட்ரிங் சத்தம்: எங்கேருந்து வருது, எப்படி நிறுத்துறது

நோட் எல்லாம் சரியா விழுது, டைமிங்கும் பிசகல, ஆனா ரெக்கார்ட் பண்ணி ஹெட்ஃபோன்ல கேட்டா ஒவ்வொரு நோட்டுக்கும் பின்னாடி ஏதோ ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருது. சில பேருக்கு அது ம்ம்ம்னு ஒரு முனகல், சில பேருக்கு கை நகர்றப்ப கீச்சுன்னு ஒரு சத்தம், சில பேருக்கு ஒவ்வொரு நோட்டும் ஆரம்பிக்கிறப்ப டக்குன்னு ஒரு அடி. இந்த மூணுக்கும் காரணம் வேற வேற, மருந்தும் வேற வேற. ஆனா பல பேர் முதல்ல பண்றது என்னன்னா புது ஸ்ட்ரிங் செட் வாங்குறது, இல்லன்னா நாய்ஸ் கேட் பெடல் (சத்தம் ஒரு அளவுக்கு கீழ போனா அடைச்சுடுற பெடல்) வாங்குறது. காசை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் உக்காந்து எந்த சத்தம் எங்கேருந்து வருதுன்னு பிரிச்சு பாத்துடுங்க, பெரும்பாலும் செலவே இருக்காது. ஏன்னா அதிகமா வர்ற சத்தம் நாம வாசிக்கிற ஸ்ட்ரிங்ல இருந்து வர்றதில்ல, வாசிக்காம விட்ட மத்த மூணு ஸ்ட்ரிங்ல இருந்துதான் வருது. அந்த மூணையும் எந்த விரல் புடிச்சு வெச்சிருக்கணும்னு ஆரம்பத்துல யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, எல்லாரும் நோட் எங்க இருக்குன்னு மட்டும்தான் சொல்லிக் குடுக்குறாங்க.

நான் இங்க சொல்றது எல்லாம் சாதாரண 4 ஸ்ட்ரிங் பேஸ், 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்), வலது கையால ப்ளக் பண்றவங்களுக்கு, அதாவது வலது கை விரலால ஸ்ட்ரிங்கை இழுத்து வாசிக்கிறவங்களுக்கு. தடிச்சதுல இருந்து மெல்லிசு வரைக்கும் ஈ ஏ டி ஜி ட்யூனிங். இடது கைக்காரங்க கையை மாத்தி படிச்சுக்கோங்க. மேல் ஸ்ட்ரிங் கீழ் ஸ்ட்ரிங்னு சொன்னா ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சுக்குவாங்க, அதனால தடிச்ச பக்கம், மெல்லிசு பக்கம்னே சொல்றேன்.

முதல்ல பிரிச்சு பாருங்க

ஆம்பை நீங்க வழக்கமா வாசிக்கிற வால்யூம்ல வெச்சு, பேஸ்ல வால்யூம் டோன் எல்லாம் ஃபுல்லா தொறந்து, கையை எடுத்துட்டு சும்மா கேளுங்க. உய்ங்னோ ம்ம்ம்னோ தொடர்ந்து வந்தா அது கரண்ட் பக்கத்து சத்தம், ஸ்ட்ரிங் சத்தம் இல்ல. இப்ப ஸ்ட்ரிங்கையோ ப்ரிட்ஜையோ (பாடி பக்கம் ஸ்ட்ரிங் மாட்டியிருக்குற இரும்பு) தொடுங்க. தொட்டதும் குறைஞ்சா அது இயல்புதான், ப்ரிட்ஜுக்கு அடியில ஒரு கிரவுண்ட் ஒயர் இருக்கு, நீங்க தொடுறப்ப உங்க உடம்பும் அந்த கிரவுண்டோட சேந்துடுது. தொட்டா அதிகமாச்சுன்னா உள்ள ஒயரிங்ல தப்பு இருக்கு. தொட்டாலும் எந்த மாத்தமும் இல்லன்னா அந்த கிரவுண்ட் ஒயர் விட்டுப் போயிருக்கலாம், ஆனா பேஸை கழட்டுறதுக்கு முன்னாடி கேபிளை மாத்தி பாத்துடுங்க.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங் 3வது ஃப்ரெட்ல இருக்குற ஜி நோட் 49 ஹெர்ட்ஸ். ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கறதால கரண்ட் ஹம்மை கேட்டுட்டு ஏதோ ஒரு ஸ்ட்ரிங் அதிருதுன்னு நெனச்சு மணிக்கணக்கா மியூட்டிங் (வாசிக்காத ஸ்ட்ரிங்கை தொட்டு அமுக்குறது) பிராக்டிஸ் பண்றவங்க உண்டு. அதனாலதான் இந்த டெஸ்ட்டை முதல்ல வெச்சேன். ஜாஸ் பேஸ் மாதிரி ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை சிக்னலா மாத்துற, ஒரே கம்பிச்சுருள் உள்ள பிக்கப்) இருந்தா ரெண்டு வால்யூமையும் ஃபுல்லா ஒரே அளவுல வைங்க, ஒண்ணோட ஹம்மை இன்னொண்ணு கழிச்சுடும். ஒரு நாபை மட்டும் குறைச்சா ஹம் திரும்ப வந்துடும். பிரிசிஷன் பேஸ்ல 1957ல இருந்து வர்ற ரெண்டா பிரிஞ்ச பிக்கப் தானாவே ஹம்மை கழிச்சுக்கும், அதுல ஹம் வந்தா வேற எங்கயோ பிரச்சனை.

ஒரு விஷயம் சீரியஸா சொல்றேன். பாடிக்கிட்டே வாசிக்கிறப்ப மைக்ல உதடு பட்டு சுருக்குன்னு ஷாக் அடிச்சா, அதை நாய்ஸ் கணக்குல சேக்காதீங்க. உடனே நிறுத்திட்டு எர்த் கனெக்‌ஷனை எலக்ட்ரீஷியனை வெச்சு பாருங்க. மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை உடைச்சுட்டு சொருகுற பழக்கம் சில மேடைல இருக்கு, பேஸ் வாசிக்கிறவங்க ரெண்டு கையும் இரும்பு ஸ்ட்ரிங் மேலயே இருக்கு, உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து கேபிளை கழட்டிட்டு அமைதியான ரூம்ல ஆம்ப் இல்லாம வாசிச்சு பாருங்க. ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் உரசுற ஸ்ர்ர் சத்தம் இப்ப கேக்குது, ஆனா ஆம்ப்ல போட்டா கேக்கலன்னா அதை விட்டுடலாம். நல்லா செட்டப் பண்ண பேஸ்லயும் கொஞ்சம் அந்த மாதிரி இருக்கத்தான் செய்யும்.

மூணாவது டெஸ்ட்தான் முக்கியமானது. எஃபெக்ட் எதுவும் இல்லாம நேரா இன்டர்ஃபேஸ்ல (பேஸை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) ரெக்கார்ட் பண்ணுங்க, அது இல்லன்னா ஆம்ப் முன்னாடி போனை வைங்க. மெட்ரோனோம் 60ல போட்டு, ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு நோட், பாதி பீட் ஒலிக்கணும் பாதி பீட் முழு அமைதியா இருக்கணும். நாலு ஸ்ட்ரிங்லயும், கீழ் ஃப்ரெட்லயும் 12க்கு பக்கத்துலயும் வாசிங்க. அப்புறம் ஹெட்ஃபோன் போட்டு அந்த அமைதி பகுதியை மட்டும் கேளுங்க. அங்க என்ன மிச்சம் இருக்கோ அதுதான் உங்க பிரச்சனை. ஏதோ ஒரு ஓபன் ஸ்ட்ரிங் முனகிக்கிட்டே இருக்கா, நிறுத்துன நொடியில டிங்னு ஒரு ஹார்மோனிக் (மணி மாதிரி மெல்லிசான மேல் சத்தம்) வருதா, கையை எடுக்குறப்ப பொம்முனு ஒரு ஓபன் நோட் வருதா, இல்ல அடுத்த நோட்டுக்கு போறப்ப கீச்சுங்குதா. எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா வாசிக்கிறப்ப காதுக்கு இது எதுவுமே தெரியாது, மூளை வர்ற நோட்டைத்தான் கேக்கும்.

வாசிக்காத ஸ்ட்ரிங் ஏன் பாடுது

பேஸ்ல ஓபன் ஸ்ட்ரிங் அதிர்வு சுமாரா ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ். ஒரு நோட் வாசிக்கிறப்ப அந்த ஒரு அதிர்வு மட்டும் வர்றதில்ல, அதோட ரெண்டு மடங்கு மூணு மடங்கு எல்லாம் சேந்தே வரும். இந்த மடங்குல ஏதாவது ஒண்ணு பக்கத்துல இருக்குற ஓபன் ஸ்ட்ரிங்கோட ஒத்துப் போச்சுன்னா ப்ரிட்ஜ் வழியா நெக் வழியா அந்த அதிர்வு போய் அந்த ஸ்ட்ரிங்கை யாரும் தொடாமலே ஆட்ட ஆரம்பிச்சுடும்.

இப்பவே செஞ்சு பாக்கலாம். ஈ ஸ்ட்ரிங் 3வது ஃப்ரெட் ஜி நோட்டை நல்லா அழுத்தி வாசிங்க, மத்த ஸ்ட்ரிங் எதையும் தொடாதீங்க, ரெண்டு செகண்ட் விட்டு ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் உள்ளங்கையால அமுக்கி நிறுத்துங்க. ஜி ஸ்ட்ரிங் தனியா பாடிக்கிட்டு இருக்கும். 49ஓட ரெண்டு மடங்கு 98, அவ்ளோதான் கணக்கு. அதே மாதிரி ஈ ஸ்ட்ரிங் 5வது ஃப்ரெட் ஏ வாசிச்சா ஓபன் ஏ ஸ்ட்ரிங் நேரடியா பதில் சொல்லும். ஏ ஸ்ட்ரிங் 2வது ஃப்ரெட் பி வாசிச்சா ஈ ஸ்ட்ரிங் அதோட மூணாவது ஹார்மோனிக்ல, அதாவது மூணு மடங்கு அதிர்வான 123 ஹெர்ட்ஸ் பக்கத்துல மெலிசா முனகும். டி ஸ்ட்ரிங் 2வது ஃப்ரெட் ஈ வாசிச்சாலும் தடிச்ச ஈ ஸ்ட்ரிங் எழுந்துக்கும். இது எந்த பேஸ்லயும் நடக்கும், காஸ்ட்லி பேஸ்லயும்தான். கையாலதான் சரி பண்ணணும்.

வேலையை ரெண்டு கைக்கும் பிரிச்சு குடுங்க. வாசிக்கிற ஸ்ட்ரிங்குக்கு தடிச்ச பக்கம் இருக்குற ஸ்ட்ரிங் எல்லாம் ப்ளக் பண்ற கையோட பொறுப்பு. மெல்லிசு பக்கம் இருக்குறது எல்லாம் ஃப்ரெட் புடிக்கிற கையோட பொறுப்பு. இந்த பங்கீடு ஒண்ணு மனசுல பதிஞ்சுட்டா மத்தது எல்லாம் அதுலேருந்தே வந்துடும்.

ப்ளக் பண்ற கை

முதல்ல ரெஸ்ட் ஸ்ட்ரோக். விரல் ஸ்ட்ரிங்கை வெளிய பாத்து தூக்கி இழுக்காம, உள்ள தள்ளுற மாதிரி ப்ளக் பண்ணி, போய் அடுத்த தடிச்ச ஸ்ட்ரிங் மேல சாஞ்சு நிக்கணும். டி வாசிச்சா விரல் ஏ மேல போய் நிக்கும், ஏ தானா மியூட் ஆயிடும். பல பேர் இதை தெரியாமலே சரியா பண்ணிட்டு இருப்பாங்க, ஆனா வேகமா வாசிக்கிறப்ப விரல் காத்துல போக ஆரம்பிச்சுடும், அங்கதான் சத்தம் உள்ள வருது.

ரெஸ்ட் ஸ்ட்ரோக் ஒரு ஸ்ட்ரிங்கைத்தான் காப்பாத்தும். மிச்சத்துக்கு கட்டைவிரல். கட்டைவிரலை பிக்கப் மேல வெச்சு அங்கேயே ஊணிட்டா ஜி ஸ்ட்ரிங் வாசிக்கிறப்ப ஈ ஸ்ட்ரிங்கும் ஏ ஸ்ட்ரிங்கும் கேக்க ஆளில்லாம அதிரும். கட்டைவிரலும் கூட நகரணும். ஈ வாசிக்கிறப்ப பிக்கப் மேல. ஏ-க்கு போனா கட்டைவிரல் ஈ மேல வந்துடணும். டி-க்கு போனாலும் ஈ மேலயே இருக்கலாம், ஏ-வை ப்ளக் பண்ண விரலே பாத்துக்கும். ஜி-க்கு போறப்ப மூணு ஸ்ட்ரிங்கை புடிக்க வேண்டியிருக்கு, டி-யை ப்ளக் பண்ண விரல் பாத்துக்கும், கட்டைவிரல் ஏ மேல இறங்கி அதோட பக்கவாட்டு சதை ஈ மேல படுத்திருக்கணும். கட்டைவிரல் நுனியால குத்தி நின்னா ஈ தப்பிச்சுடும், படுத்தாத்தான் ரெண்டும் அடங்கும். கட்டைவிரல் நீளம் பத்தலன்னா ஈ மேல கட்டைவிரலும் ஏ மேல மோதிர விரலும் வெச்சுக்கோங்க, அதுவும் நல்ல வழிதான், நெறைய பேர் அப்படித்தான் வாசிக்கிறாங்க.

இதையே இன்னும் தளர்வா, எங்கயும் ஊணாம, கட்டைவிரல் தடிச்ச ஸ்ட்ரிங் எல்லாத்து மேலயும் வழுக்கிக்கிட்டே வர்ற மாதிரி வாசிக்கிற முறையும் இருக்கு, ஃப்ளோட்டிங் தம்ப்னு சொல்வாங்க. 5 ஸ்ட்ரிங் 6 ஸ்ட்ரிங் வாசிக்கப் போறவங்க நேரா இதையே பழகிடுங்க, ஏன்னா தடிச்ச பி ஸ்ட்ரிங் சுமார் 31 ஹெர்ட்ஸ்ல அதிர்றது, சின்ன ஸ்பீக்கர்ல கேக்கவே கேக்காது, ஆனா பெரிய பிஏ சிஸ்டத்துல போட்டா மொத்த ஹாலும் கலங்கும், சவுண்ட் இன்ஜினியர் எங்கேருந்து வருதுன்னு தேடிக்கிட்டு இருப்பார்.

பழக்கப்படுத்த ஒரு வழி: மெட்ரோனோம் 50 இல்ல 60ல ஈ ஏ டி ஜி, திரும்ப ஜி டி ஏ ஈன்னு ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் ஒரே ஃப்ரெட்ல வாசிங்க. மெல்லிசுல இருந்து தடிச்சதுக்கு வர்றப்ப ப்ளக் பண்ற கைக்கு சுலபம், தடிச்சதுல இருந்து மெல்லிசுக்கு போறப்பதான் விட்டுட்டு வந்த ஸ்ட்ரிங் அதிரும். அதனால அந்த திசையை ரெண்டு மடங்கு பிராக்டிஸ் பண்ணுங்க. ஈ-ல இருந்து நேரா ஜி-க்கு தாவுறதுதான் இருக்கறதுலயே கஷ்டம், கட்டைவிரல் ரெண்டு ஸ்ட்ரிங் தாண்டி வந்து படுக்கணும், அதுவும் ஜி ஒலிக்கிறதுக்கு முன்னாடி.

ஃப்ரெட் புடிக்கிற கை

அக்கூஸ்டிக் கிட்டார்ல இருந்து பேஸுக்கு வந்தவங்களுக்கு இங்க ஒரு பழைய பழக்கம் குறுக்க வரும். கிட்டார்ல கார்டு புடிக்கிறப்ப விரலை வளைச்சு நுனியில நிக்க வைக்கணும், பக்கத்து ஸ்ட்ரிங்ல பட்டா கார்டு கெட்டுடும். பேஸ்ல அதுக்கு நேர் எதிர். விரல் கொஞ்சம் தட்டையா படுத்து மெல்லிசு பக்கத்து ஸ்ட்ரிங் எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு இருக்கணும், அழுத்தாம, சும்மா தொட்டாலே போதும்.

அந்த தொடுறதுல ஒரு முக்கியமான நுணுக்கம். ஒரே ஒரு விரலால தொட்டா, அந்த விரல் 5, 7, 12வது ஃப்ரெட் மேல இருந்துச்சுன்னா ஸ்ட்ரிங் நிக்காது, ஹார்மோனிக்கா மாறி டிங்னு மணி மாதிரி ஒலிக்கும். ரெக்கார்டிங்ல அமைதி ஆரம்பிக்கிற நொடியில டிங் வருதுன்னு எழுதி வெச்சிருந்தீங்கன்னா காரணம் இதுதான். ரெண்டு விரலால, முடிஞ்சா மூணு விரலால தொடுங்க, ஹார்மோனிக் வர வழியே இருக்காது.

ஆக்டேவ், அதாவது ஒரே நோட்டை கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு வாசிக்கிறதை எடுத்துக்கோங்க, நம்ம சினிமா பாட்டுல இது இல்லாத பேஸ்லைன் கம்மி, அதுவும் இளையராஜா பாட்டுகளோட பேஸ்லைனை வாசிச்சு பழகுறவங்களுக்கு தடிச்ச ஸ்ட்ரிங்ல இருந்து மெல்லிசுக்கு தாவிக்கிட்டே இருக்கறது தினசரி வேலை. ஈ ஸ்ட்ரிங் 3வது ஃப்ரெட் ஜி-ல ஆள்காட்டி விரல், டி ஸ்ட்ரிங் 5வது ஃப்ரெட் ஜி-ல சுண்டு விரல். ஆள்காட்டி விரலோட நுனி ஈ-யை அழுத்துது, அதே விரலோட மிச்ச பகுதி தட்டையா ஏ மேலயும் ஜி மேலயும் படுத்திருக்கு. சுண்டு விரலோட அடிப்பகுதி ஜி ஸ்ட்ரிங்கை இன்னொரு இடத்துல தொடுது, ஆக ஜி மேல ரெண்டு விரல், ஹார்மோனிக் இல்ல. கீழ் ஜி வாசிச்சு முடிச்சு மேல் ஜி-க்கு போறப்ப ஆள்காட்டி விரலை தூக்கக்கூடாது, அழுத்தத்தை மட்டும் விடணும், ஈ ஸ்ட்ரிங் அங்கேயே செத்துடும். அதே நேரம் கட்டைவிரல் ஈ மேல வந்துடும், ப்ளக் பண்ண விரல் ஏ மேல போய் நிக்கும். நாலு ஸ்ட்ரிங்ல ஒண்ணு மட்டும் ஒலிக்குது, மிச்சம் மூணையும் யாரோ புடிச்சிருக்காங்க. இதை ரொம்ப மெதுவா, ஒவ்வொரு விரலும் எங்க இருக்குன்னு கண்ணால பாத்துக்கிட்டே ஒரு வாரம் வாசிச்சீங்கன்னா வித்தியாசம் ரெக்கார்டிங்லயே தெரியும்.

கையை எடுக்குறப்ப பொம்முனு வர்ற ஓபன் நோட்டுக்கும் இதே மருந்துதான். விரலை சட்டுனு தூக்குனா ஸ்ட்ரிங் விரலோட கொஞ்சம் வந்து விடுபடும், அது ஒரு ப்ளக் பண்ண மாதிரி ஆயிடும். முதல்ல அழுத்தத்தை விடுங்க, ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை விட்டு எழுந்துடும், விரல் இன்னும் தொட்டுக்கிட்டே இருக்கும், சத்தம் நின்னதுக்கு அப்புறம்தான் விரல் நகரணும். நோட்டை நிறுத்துற வேலையை ரெண்டு கையும் சேந்து பண்ணா இன்னும் சுத்தமா இருக்கும், ஆனா ப்ளக் பண்ற விரலை அதிர்ற ஸ்ட்ரிங் மேல வைக்கிறப்ப நகம் படாம சதை படணும், நகம் பட்டா ஸ்ர்ர்னு ஒரு உரசல் வரும். ப்ளக் பண்ற கையோட நகத்தை ஒட்ட வெட்டிடுங்க, சில பேருக்கு பாதி டக்டக் சத்தம் அதுலேயே போயிடும்.

கீச்சு சத்தம்

ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங்ல உருண்டையான கம்பி சுத்தியிருக்கு, அந்த மேடு பள்ளத்து மேல விரல் தேய்க்கிறப்ப வர்றதுதான் இது. பொசிஷன் மாத்துறப்ப அழுத்தத்தை முழுசா விட்டுட்டு நகருங்க, விரலோட நுனியை விட சதைப்பகுதி பட்டா சத்தம் கம்மியா வரும். போற இடத்துக்கு நடுவுல ஒரு ஓபன் ஸ்ட்ரிங் நோட் வந்தா அந்த நேரத்துல கையை தூக்கி நகத்திடுங்க. வாசிச்சு முடிச்சதும் காட்டன் துணியால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிப்பக்கமும் சேத்து துடைங்க, கடலோர ஊர்ல வேர்வையும் உப்புக்காத்தும் சேந்து ஸ்ட்ரிங்கை சீக்கிரமே சொரசொரன்னு ஆக்கிடும்.

இதெல்லாம் பண்ணியும் பிடிக்கலன்னா ஸ்ட்ரிங் வகையை மாத்தலாம். ஃப்ளாட்வவுண்ட்ல தட்டையான பட்டை சுத்தியிருக்கு, கீச்சு சத்தம் அனேகமா போயே போயிடும், ஆனா அந்த மின்னுற ட்ரெபிளும் கூடவே போயிடும், ஸ்லாப் (கட்டைவிரலால ஸ்ட்ரிங்கை அடிச்சு வாசிக்கிறது) வாசிக்கிறவங்களுக்கு சரிப்படாது. மெலடி பாட்டு, சர்ச்ல வாசிக்கிறது, பழைய பாட்டு கச்சேரி இதுக்கெல்லாம் ஃப்ளாட்வவுண்ட் ரொம்ப அழகா உக்காரும்னு நான் நம்புறேன். நடுவுல ஹாஃப் ரவுண்ட்னு ஒண்ணு இருக்கு, சத்தம் கம்மி, ட்ரெபிள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு எச்சரிக்கை, ஃப்ளாட்வவுண்ட் பொதுவா டென்ஷன் கூட, மாத்துனதும் நெக் வளைவு மாறும், ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள வளைவை சரி பண்ற இரும்புக் கம்பி) பாக்க வேண்டியிருக்கும்.

ஸ்ர்ர்னு உரசுதா, எந்த ஃப்ரெட்ல உரசுதுன்னு பாருங்க

இது கை பிரச்சனை இல்ல, செட்டப் பிரச்சனை, ஆனா ஒரே ஒரு தடவை மெதுவா ப்ளக் பண்ணி பாத்துடுங்க, அப்ப வரலன்னா நீங்க தேவைக்கு மேல அடிக்கிறீங்க, ஆம்ப் வால்யூமை ஏத்திட்டு கையை லேசாக்குங்க. மெதுவா வாசிச்சாலும் வந்தா இடத்தை வெச்சு காரணத்தை கண்டுபுடிக்கலாம். ஓபன் ஸ்ட்ரிங்ல மட்டும் உரசி, ஃப்ரெட் புடிச்சா நின்னுடுச்சுன்னா நட்ல (நெக் முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) இருக்குற பள்ளம் ஆழமாயிடுச்சு. முதல் 5 ஃப்ரெட்டுக்குள்ள உரசுனா நெக் ரொம்ப நேரா நிமிந்துடுச்சு, இல்ல பின்பக்கமா வளைஞ்சிடுச்சு. 12க்கு மேல உரசுனா சாடில் (ப்ரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உக்கார்ற துண்டு) உயரம் கம்மியா இருக்கலாம். ஒரே ஒரு ஃப்ரெட் புடிக்கிறப்ப மட்டும் உரசுனா அதுக்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிட்டு நிக்கிது, அதை ராவி சரி பண்ணணும், வீட்ல கை வைக்காம கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்துடுங்க.

நெக் வளைவு பாக்குறது சுலபம். பேஸை ட்யூன் பண்ணிட்டு, முதல் ஃப்ரெட்ல கேப்போ (ஸ்ட்ரிங் எல்லாத்தையும் அழுத்திப் புடிக்கிற கிளிப்) போட்டு, ஈ ஸ்ட்ரிங்கை கடைசி ஃப்ரெட்ல அழுத்தி புடிங்க, இப்ப 8வது ஃப்ரெட் மேல ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாருங்க. சுமாரா 0.3 மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு லேசா உரசிக்கிட்டு போற அளவு இருந்தா நல்லது. இடைவெளியே இல்லன்னா ட்ரஸ் ராடை இடஞ்சுழியா லூஸ் பண்ணணும், ரொம்ப இருந்தா வலஞ்சுழியா டைட் பண்ணணும். ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல வேண்டாம், திருப்புனதும் மறுபடி ட்யூன் பண்ணிட்டு அளந்து பாருங்க, மரம் நிதானமாத்தான் நகரும், மறுநாளும் ஒரு தடவை பாத்துடுங்க. சரியான சைஸ் ஆலன் கீதான் போடணும், முறுக்க முறுக்க வரலன்னா பலம் காட்டாதீங்க, ராட் உடைஞ்சா நெக்கே போச்சு. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவுல நெக் மாறும், ஏசி ரூம்ல இருந்து வெளிய கொண்டு போற பேஸ் இன்னும் சீக்கிரம் மாறும், அதனால அக்டோபர்ல ஒரு தடவை மார்ச்ல ஒரு தடவை இந்த டெஸ்ட்டை பண்ற பழக்கம் வெச்சுக்கோங்க.

நெக் சரியானதுக்கு அப்புறம்தான் சாடில் பக்கம் போகணும், மாத்தி பண்ணா ரெண்டு தடவை வேலை. 17வது ஃப்ரெட்ல ஈ ஸ்ட்ரிங் அடியில சுமார் 2.4, ஜி ஸ்ட்ரிங் அடியில சுமார் 2 மில்லிமீட்டர் வெச்சு ஆரம்பிங்க, பலமா அடிச்சு வாசிக்கிறவங்க இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாம். அப்படியே பிக்கப் உயரத்தையும் பாருங்க, ஸ்ட்ரிங்கை கடைசி ஃப்ரெட்ல அழுத்துனா பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல 2 மில்லிமீட்டருக்கும் கம்மியா இருந்தா ஸ்ட்ரிங் போய் பிக்கப்ல அடிச்சு டக்குன்னு சத்தம் வரும், காந்தமும் ஸ்ட்ரிங்கை இழுத்து மேல் ஃப்ரெட்ல நோட் அலையுற மாதிரி கேக்கும். இறக்கிடுங்க.

ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் எங்கயோ ஏதோ கிணுகிணுன்னு ஆடுதுன்னா அது ஸ்ட்ரிங்கா இல்லாமலும் இருக்கலாம். அந்த நோட்டை வாசிச்சுக்கிட்டே இன்னொருத்தரை விட்டு ட்யூனிங் கீ, பிக்கார்டு, சாடில் ஸ்க்ரூ, சாடில் ஸ்ப்ரிங் ஒவ்வொண்ணையும் விரலால தொடச் சொல்லுங்க, எதை தொட்டா நிக்குதோ அதை டைட் பண்ணுங்க. நட்டுக்கும் ட்யூனிங் கீக்கும் நடுவுல இருக்குற ஸ்ட்ரிங் பகுதியும் பாடும், அங்க கைக்குட்டை சுத்தி பாருங்க, நின்னுச்சுன்னா ஒரு துண்டு ஃபெல்ட் சொருகுனா போதும்.

ஃபோம், ஃப்ரெட் ராப், பெடல்

ப்ரிட்ஜ் பக்கத்துல ஸ்ட்ரிங்குக்கு அடியில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகுறது ஏமாத்து வேலைன்னு சில பேர் நெனைக்கிறாங்க. 1951ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை கொண்டு வந்தப்பவே ப்ரிட்ஜ் மேல ஒரு மூடி, அதுக்குள்ள ஸ்ட்ரிங்கை அமுக்குற ஃபோம் இருந்துச்சு. அமெரிக்காவோட மோட்டவுன் கம்பெனி ரெக்கார்டுல கேக்குற பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சனோட அந்த உருண்டையான குட்டையான சவுண்டுல ஃப்ளாட்வவுண்டுக்கும் அந்த ஃபோமுக்கும் பங்கு உண்டு. அதனால தாராளமா சொருகுங்க, சாடிலை ஒட்டி வைங்க, ரொம்ப இறுக்கி வெச்சா சுருதி லேசா மாறும், வெச்சதுக்கு அப்புறம் ட்யூன் பண்ணுங்க. ஆனா இது எல்லா நோட்டையும் குட்டையாக்கும், நீண்டு ஒலிக்க வேண்டிய பாட்டுக்கு ஆகாது.

நட் பக்கத்துல மாட்டுற ஃப்ரெட் ராப், இல்லன்னா முடி கட்டுற துணி பேண்டு, இது வேற வேலை செய்யுது. ஓபன் ஸ்ட்ரிங் அதிர்றதை மட்டும் அமுக்கும், ஃப்ரெட் புடிச்ச நோட்டை ஒண்ணும் பண்ணாது. டேப்பிங் (ஃப்ரெட் மேல விரலால தட்டி வாசிக்கிறது) வாசிக்கிறப்பவும், ஸ்டுடியோல மேல் ஃப்ரெட்ல ஒரு பகுதியை மட்டும் ரெக்கார்ட் பண்றப்பவும் அருமையான பொருள். தினசரி பிராக்டிஸ்ல மாட்டிக்கிட்டே வாசிக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன், கை கத்துக்க வேண்டியதை துணி பண்ணிட்டு இருக்கும், பாட்டுல ஒரு ஓபன் ஈ வந்தா அன்னைக்கு மாட்டிக்குவீங்க.

கம்ப்ரஸர் போட்டதும் திடீர்னு எல்லா குட்டி சத்தமும் கேக்க ஆரம்பிச்சுதுன்னா பயப்படாதீங்க, அதோட வேலையே பெரிய சத்தத்தை அமுக்கி மொத்தத்தையும் ஏத்துறதுதான், முன்னாடி அடியில இருந்தது இப்ப மேல வந்துடுச்சு. பிராக்டிஸ்ல கம்ப்ரஸரை கூட்டி வெச்சு வாசிச்சா மியூட்டிங்ல இருக்குற ஓட்டை எல்லாம் தெளிவா தெரியும், அதுக்கு நல்ல கருவி. ஆம்ப் கேபினெட்ல ட்வீட்டர் இருந்தா அதோட லெவலை குறைச்சு பாருங்க, கீச்சும் டக்கும் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கு. நாய்ஸ் கேட் ஹம்முக்கு உதவும், ஆனா ஓபன் ஸ்ட்ரிங் முனகலுக்கு உதவாது, ஏன்னா நீங்க வாசிச்சுக்கிட்டு இருக்குறப்ப கேட் தொறந்துதான் இருக்கும், அந்த நேரத்துலதான் மத்த ஸ்ட்ரிங்கும் பாடிக்கிட்டு இருக்கு. நீண்ட நோட்டோட வாலையும் கேட் பாதில வெட்டிடும்.

ரெக்கார்டிங்ல பேஸ் ட்ராக்கை சோலோ போட்டு கேட்டா எந்த நல்ல வாசிப்புலயும் கொஞ்சம் விரல் சத்தம் இருக்கும். ட்ரம்ஸ் கீபோர்டு எல்லாம் சேத்து போட்டு கேளுங்க, அதுலயும் காதுல இடிச்சா மட்டும் திரும்ப வாசிங்க. பாட்டுல பிரேக் வர்ற இடம், எல்லாரும் ஒண்ணா நிறுத்துற இடம், அங்க மட்டும் தனியா கேளுங்க, அந்த இடத்துல ஒரு ஏ ஸ்ட்ரிங் முனகுனாலும் மறைக்க வேற எதுவும் இருக்காது. நேரம் இல்லன்னா எடிட்டிங்ல அந்த இடத்தை வெட்டி 10 மில்லிசெகண்ட் ஃபேட் (சத்தத்தை படிப்படியா குறைக்கிறது) போட்டுடலாம், ஃபேட் இல்லாம வெட்டுனா வெட்டுன இடத்துலேயே க்ளிக்குன்னு புதுசா ஒரு சத்தம் வரும். மேடையில வாசிக்கிறப்ப அந்த வசதி இல்ல, அங்க பிரேக் வர்றதுக்கு ஒரு பீட் முன்னாடியே ரெண்டு உள்ளங்கையும் எங்க விழணும்னு முடிவு பண்ணி வெச்சுக்கோங்க, ஃப்ரெட் புடிக்கிற கையோட நாலு விரலும் தட்டையா, ப்ளக் பண்ற கையோட அடிப்பகுதி ப்ரிட்ஜ் பக்கத்துல.